அரசன் சோற்றில் நஞ்சு: பழைய சோதனைகள் எதைப் பிடிக்கும், எதைத் தவறவிடும்?

வேலந்தாவளம்_கதிர் (இழை தொடங்கியவர்)

கௌடலீயரின் அரசியல் நூலான அர்த்தசாஸ்திரத்தின் (கௌடலீயம் என்றும் சொல்வார்கள்) முதல் அதிகரணம் (பகுதி), 21-ஆவது அத்தியாயம் பற்றிப் பேச வேண்டும். 1905-இல் மைசூரில் ஷாமசாஸ்திரி கைக்கு வந்து 1909-இல் அச்சேறிய நூல். திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி 1924-25-இல் உரையோடு பதிப்பித்தார். பாலக்காட்டுப் பக்கம் பழைய வீடுகளில் அந்தப் பதிப்பு இன்னும் கிடைக்கிறது.

அத்தியாயம் சொல்வது இது. மடைப்பள்ளித் தலைவன் காவலுள்ள இடத்தில் சமைக்க வேண்டும், அடிக்கடி ருசி பார்க்க வேண்டும். அரசன் உண்ணும் முன் சோற்றில் கொஞ்சம் தீக்கும் கொஞ்சம் பறவைகளுக்கும் போட வேண்டும். தீச்சுடரும் புகையும் நீலமாக எழுந்து வெடிச்சத்தம் கேட்டால் நஞ்சு. பறவை செத்தால் நஞ்சு. சோற்று ஆவி மயில் கழுத்து நிறத்தில் இருந்தால் நஞ்சு. கறி சீக்கிரம் வறண்டு கறுத்து நுரைத்தால் நஞ்சு. நீர்ப்பொருள்களில் தெரியும் கோடுகளுக்குத் தனிப் பட்டியலே உண்டு: பாலில் சிவப்பு, தண்ணீரிலும் கள்ளிலும் கறுப்பு, தேனில் வெள்ளை. உலோகப் பாத்திரமும் மணிகளும் மங்கினாலும் நஞ்சு. கொடுத்தவனைக் காட்டும் அடையாளங்கள்: வாய் வறளும், பேச்சு குழறும், வியர்க்கும், நடுங்கும், கொட்டாவி வரும், ஓரிடத்தில் நிற்க மாட்டான்.

இதில் எது உண்மையில் வேலை செய்யும்? வேதியியல், வைத்தியம், சமையல் தெரிந்தவர்கள் பிரித்துச் சொல்ல வேண்டும். நஞ்சு செய்யும் யோகங்கள் 14-ஆவது அதிகரணத்தில் இருக்கின்றன. அவை இந்த இழையில் வேண்டாம், காப்பு மட்டும் பேசுவோம்.

உலைக்களம்

தீச்சோதனையில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதுதான் முக்கியம்.

அக்காலத்தில் கையில் கிடைத்த கனிம நஞ்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மயில்துத்தம் செம்பின் உப்பு, தீயில் பச்சையும் நீலமும் தரும். மனோசிலை, அரிதாரம் என்ற இரண்டு தாதுக்களும் பாஷாணமும் (ஆர்சனிக்) கந்தகமும் கூடி உண்டானவை. கந்தகம் நீலமாக எரியும், பாஷாணப் புகை பூண்டு வாசம் அடிக்கும். ஆக இந்த மூன்றுக்கும் நூலில் சொன்ன நீலச் சுடர் பொருந்துகிறது. "மயில் கழுத்து" என்ற உவமை செம்பு உப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் சொன்னது என்றே நான் படிக்கிறேன்.

இனி மற்றப் பாதி. செடி நஞ்சுகளான நாபி (வசநாபி வேர்), எட்டி, ஊமத்தை, காந்தள் எல்லாம் கரிமப் பொருள்கள். சோறு எரிவது போலவே அவையும் எரியும், தனி நிறம் கிடையாது. பாம்பு நஞ்சு புரதம், தீய்ந்த மயிர் வாசம் வரும், அவ்வளவுதான். அரண்மனைக்கு நிஜமான பயம் இவற்றால்தான் அதிகம். அவற்றைத் தீ காட்டாது.

தப்பான எச்சரிக்கையும் உண்டு. உப்புக் கல் தீயில் விழுந்தால் படபடவென்று வெடிக்கும். கல்லுக்குள் அடைபட்ட ஈரம் ஆவியாகிக் கல்லைப் பிளப்பதுதான் காரணம். எனவே வெடிச்சத்தத்தை மட்டும் நம்பினால் உப்புப் போட்ட எல்லாச் சோறும் நஞ்சுச் சோறு ஆகிவிடும். அதே உப்பிலிருக்கும் சோடியத்தின் மஞ்சள் வெளிச்சம் இலேசான நீலத்தை மூடியும் விடும். நெய் நிறைய ஊற்றிய சோறென்றால் இன்னும் மோசம்.

நூல் ஒரு படியைச் சொல்லவில்லை. சந்தேகமில்லாத அதே உலைச் சோற்றில் ஒரு பிடியை, அதே அளவு உப்பும் நெய்யும் சேர்த்து, அதே தணலில் பக்கத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒப்பீடு இல்லாத சுடர் நிறத்துக்குப் பொருளில்லை. பாஷாணம் இருக்குமோ என்ற சந்தேகத்தில் புகையை முகர்ந்து பார்ப்பது கூடவே கூடாது, அந்தப் புகையே நஞ்சு.

புதுநகரம்_செல்வி

பறவைச் சோதனை பற்றி. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதையில், கல்பஸ்தானம் என்ற பகுதியின் முதல் அத்தியாயத்திலும் இதே பட்டியல் விரிவாக இருக்கிறது. சகோரத்தின் கண் நிறம் மாறும், கிரௌஞ்சம் மதம் கொள்ளும், கிளியும் மைனாவும் கத்தும், புள்ளிமான் கண்ணீர் விடும், குரங்கு கழியும். ஈ மொய்த்தால் ஈ சாகும்.

அடிப்படை எண்ணம் சரி. சின்ன உடம்பு, வேகமான மூச்சு, எடைக்கு மிஞ்சிய தீனி. அதனால் பல நஞ்சுகள் சிறு பறவையில் முதலில் தெரியும். ஆனால் உயிரினத்துக்கு உயிரினம் தாங்கும் சக்தி மாறும், அங்கேதான் சோதனை உடைகிறது. எட்டிப் பழத்தின் சதையை இருவாய்ச்சி தின்கிறது, கொட்டை முழுசாக வெளியே வந்துவிடும். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபினைச் சில முயல்கள் ஈரலிலுள்ள நொதியால் உடைத்துவிடும். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியப் புலவர் லுக்ரீஷியஸே எழுதியிருக்கிறார்: மனிதனுக்கு நஞ்சான ஹெல்லபோர் வேர் ஆட்டையும் காடையையும் கொழுக்க வைக்கும் என்று. ஆக ஒரு பறவை பிழைத்தது என்பதால் சோறு நல்லது என்று ஆகாது. செத்தால் மட்டுமே அது செய்தி.

நூலாசிரியர்கள் ஒன்றுக்கு ஐந்தாறு உயிர்களை அடுக்கியது இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். ஒரே இனத்தை நம்பவில்லை என்பதற்காகவே அந்தப் பட்டியலை மதிக்கிறேன். காத்திருக்கும் நேரத்தை மட்டும் எங்கும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். பறவைக்குப் போட்ட உடனே அரசன் கை நனைத்தால் அந்தச் சோதனையால் பயனே இல்லை.

வேலந்தாவளம்_கதிர்

கிளியும் மைனாவும் கத்துவதை நூல் பாம்போடு சேர்த்துத்தான் சொல்கிறது. அது சோற்றுச் சோதனையா, அறைக்குள் பாம்பு வந்ததற்கான எச்சரிக்கையா?

புதுநகரம்_செல்வி

இரண்டாவதுதான் பொருந்தும். பாம்பைக் கண்டால் மைனா கூட்டமாகக் கத்துவது நம் தோப்புகளில் தினம் கேட்பது. சோற்றில் கலந்த நஞ்சை அது பார்த்தே அறியும் என்பதற்கு எந்த வழியும் இல்லை.

நாகலாபுரம்_சேகர்

ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் எங்கள் பக்கம் சுருட்டப்பள்ளி. ஆலகாலம் உண்ட சிவன் அம்பாள் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்ட கோலம். நஞ்சு தொண்டைக்குக் கீழே இறங்காமல் நிறுத்தப்பட்டது என்பதுதான் அங்கே தலபுராணம். கதையை விட்டுவிடுங்கள், இந்த "மேலே ஏறாமல் நிறுத்து" என்ற எண்ணம் வைத்தியத்திலும் இருக்கிறதே. சுசுருதர் கடிவாய்க்கு நாலு விரல் மேலே கட்டச் சொல்கிறார். இன்றும் எங்கள் கிராமங்களில் பாம்பு கடித்தால் முதலில் துண்டை எடுத்து இறுக்குகிறார்கள். இது சரியா? தெரிந்தவர்கள் கொஞ்சம் தெளிவாகச் சொல்லுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது.

பாறசாலை_நர்ஸ்

சேகர் அண்ணா, கட்டக் கூடாது. காரணத்தோடு சொல்றேன்.

சுசுருதர் பாம்புகளை மூணு பெரிய வகையாப் பிரிச்சார்: தர்வீகரம் (நாகம்), மண்டலி (விரியன்), ராஜிமந்தம் (கட்டுவிரியன்). எங்க பக்கம் மூர்க்கன், அணலி, வெள்ளிக்கட்டன்னு சொல்றது ஏறக்குறைய அதே பிரிவு. அவரே ஒரு வித்தியாசம் எழுதியிருக்கார்: மண்டலி கடிச்ச இடத்தைச் சுடாதேன்னு. விரியன் நஞ்சு சதையை அழிக்கும், இரத்தத்தை உறைய விடாது. அங்க சுட்டா புண் இன்னும் மோசமாகும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கண்ணுக்கு அது பெரிய கவனிப்பு.

கட்டு விஷயத்தில் மட்டும் இன்னிக்கு நாம அவரைத் தொடரக் கூடாது. விரியன் கடியில் இறுக்கிக் கட்டினா நஞ்சு ஒரே இடத்தில் தேங்கிச் சதை அழுகும், கை கால் போகும். நாகம், கட்டுவிரியன் கடியில் கட்டை ஆஸ்பத்திரி வாசலில் டக்குனு அவிழ்த்தா தேங்கின நஞ்சு மொத்தமா ஏறி மூச்சு நிக்கும். ஏற்கெனவே கட்டோட வந்துட்டா வழியில் யாரும் அவிழ்க்கக் கூடாது. மருந்தும் மூச்சுக் கருவியும் தயாரா இருக்கிற இடத்தில் டாக்டர்தான் எடுக்கணும்.

செய்ய வேண்டியது இது. கடிபட்டவரை நடக்க விடாதீங்க. கையோ காலோ, எலும்பு முறிவுக்கு வைக்கிற மாதிரி மட்டை வச்சு, இரத்த ஓட்டம் தடைபடாம தளர்வாக் கட்டுங்க. மோதிரம், வளையல், கொலுசு உடனே கழற்றணும். வீங்கின பிறகு வெட்டித்தான் எடுக்கணும். கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, விஷக்கல் வைக்காதீங்க. பாம்பைப் பிடிக்கப் போய் இன்னொருத்தர் கடிபட வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் நாங்க செய்ற முதல் சோதனைக்கு இயந்திரமே வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆட்டாம வைக்கணும். பிறகு ஒரு தடவை சாய்த்துப் பார்க்கணும். கட்டியா நின்னா உறைஞ்சிருக்கு. தண்ணியா ஓடினா விரியன் நஞ்சு இரத்தத்தில் இருக்கு. தப்பு எங்க வரும்னா: பிளாஸ்டிக் குழாயில் எடுத்தா நல்ல இரத்தமே உறையாம ஏமாத்தும். சோப்புத் தூள் போட்டுக் கழுவின கண்ணாடியும் அப்படித்தான். இடையில ஆட்டிப் பார்த்தாலும் போச்சு. முதல் தடவை உறைஞ்சிட்டா அதோட விடக் கூடாது. முதல் மூணு மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, பிறகு மணிக்கு ஒரு தடவை திரும்பப் பார்க்கணும்.

கட்டுவிரியன் கடியை இந்தச் சோதனை காட்டாது. ராத்திரி தூக்கத்தில் கடிக்கும், வலி இருக்காது, தடம்கூடத் தெரியாது. விடியக்காலையில் வயிற்று வலி, இமை தொங்கல், பேச்சுக் குழறல்னு வந்தா அதைத்தான் சந்தேகிக்கணும்.

இன்னொண்ணு. முறிமருந்து குழந்தைக்கும் பெரியவங்களுக்கும் ஒரே அளவு. பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைக்கிறதில்லை. நம் நாட்டு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்குத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் ரப்பர் தோட்டத்தில் கடிக்கிற முழமூக்கன் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அங்க சிறுநீரகத்தைக் கவனிச்சு ஆதரவு சிகிச்சைதான்.

நாகலாபுரம்_சேகர்

நன்றி அம்மா. இதைத் தெலுங்கில் எழுதி ஊர் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டச் சொல்கிறேன்.

சுவடி_வாசகன்

கதிர் கேட்டதற்குத் திரும்புகிறேன். என் கருத்து: அந்த அத்தியாயத்தின் பலம் சுடரிலும் பறவையிலும் இல்லை, யார் யார் எந்த வரிசையில் ருசி பார்க்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. வைத்தியன் மருந்தைக் கிடங்கிலிருந்து எடுக்கும்போதே ருசித்துத் தேற வேண்டும். பிறகு காய்ச்சியவனும் அரைத்தவனும் ருசிக்க வேண்டும், தானும் ருசித்து அதன் பிறகே அரசனுக்குத் தர வேண்டும். தண்ணீருக்கும் கள்ளுக்கும் இதே விதி. கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாய்.

ரோமில் இது எங்கே உடைந்தது என்று பாருங்கள். கி.பி. 54-இல் பேரரசர் கிளாடியஸ் இறந்தபோது சந்தேகப்பட்டவர்களில் அவருக்கு ருசி பார்க்கும் ஹலோட்டஸும் ஒருவர். ருசிப்பவனே விலைபோனால் சங்கிலி முழுதும் போச்சு. அடுத்த வருஷம், 55-இல், அவர் மகன் பிரிட்டானிக்கஸ் நஞ்சுக்குப் பலியானான். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருப்பது: சூடான பானம் முறைப்படி ருசிக்கப்பட்டது, அதில் நஞ்சு இல்லை. ரொம்பச் சூடு என்று பையன் மறுத்தான். ஆற்றுவதற்கு ஊற்றிய குளிர்ந்த தண்ணீரில்தான் நஞ்சு. ருசி பார்த்த பிறகு சேர்ந்த ஒன்றை யாரும் ருசிக்கவில்லை. தண்ணீரும் இதே விதிக்குள் என்று கௌடலீயம் தனியாகச் சொல்வது ஏன் என்று இதைப் படித்தால் புரியும்.

ஆனால் மெல்லக் கொல்வதை எந்த ருசிகாரனும் பிடிக்க முடியாது. பொந்துஸ் அரசன் மித்ரிடாட்டிஸ் (இறப்பு கி.மு. 63) தினமும் கொஞ்சம் நஞ்சு உண்டு உடம்பைப் பழக்கினான் என்பது பேர்போன கதை. பாம்பு நஞ்சு போன்ற புரதத்துக்கு, ஊசி வழி ஏறினால், உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கும். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித்தான் இன்றும் முறிமருந்து எடுக்கிறார்கள். காரீயத்திலும் பாதரசத்திலும் அப்படிப் பழக்கம் கிடையாது, எலும்பிலும் சிறுநீரகத்திலும் சேர்ந்துகொண்டே போகும்.

உலைக்களம்

காரீயப் பேச்சு வந்ததால் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாரும் வைக்காத நஞ்சு அதில்தான் இருந்தது.

ரோமானியர் திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்கினார்கள். மூன்றில் ஒரு பங்காகும் வரை காய்ச்சியதன் பெயர் சாபா. செம்புப் பாத்திரத்தில் கசப்பு ஏறுகிறது என்று காரீயப் பாத்திரத்தைப் பரிந்துரைத்தார் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா. புளிப்போடு காரீயம் சேர்ந்து உண்டாகும் உப்பு இனிக்கும். ருசி நல்லதாயிற்று, நஞ்சு உள்ளே போயிற்று. குழாய்க்குக் காரீயம் வேண்டாம், சுட்ட மண் போதும் என்று அதே நாட்டின் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியும் வைத்திருந்தார்.

நம் அடுப்படியில் இதற்குச் சமமான இடம் கலாய் பூசாத பித்தளை. புளிக்குழம்பு அதில் ஓர் இரவு நின்றால் செம்பு இறங்கிப் பச்சை பிடிக்கும். அந்தக் குழம்பைத் தீயில் போட்டால் கௌடலீயர் சொன்ன நீலப்பச்சைச் சுடர் வந்தாலும் வரும், யாரும் நஞ்சு வைக்காமலே.

கலாய் பூசும் முறை: பாத்திரத்தைப் புளியும் மணலும் போட்டுப் பளபளவென்று தேய்க்க வேண்டும். கரித்தணலில் சூடாக்கி நவச்சாரத் தூளைத் தூவினால் வெண்புகை எழும், செம்பின் மேலிருக்கும் ஆக்சைடு அதோடு போய்விடும். உடனே வெள்ளீயத் துண்டைத் தொட்டால் உருகும், பஞ்சால் சுற்றித் தேய்க்க வேண்டும். சூடு குறைந்தால் திட்டுத் திட்டாக நிற்கும், ஏறினால் ஈயம் மஞ்சளாகிப் பொசுங்கும். வெள்ளீயம் 232 பாகையில் உருகுவது, காரீயம் 327-இல். விலை குறைவென்று இரண்டையும் கலப்பவர்கள் உண்டு. தூய வெள்ளீயக் கம்பியை வளைத்தால் நெறுநெறுவென்று சத்தம் வரும், காரீயம் வராது. காரீயத்தைத் தாளில் தேய்த்தால் கரிக்கோடு விழும். கலப்பு கொஞ்சமாக இருந்தால் இந்த இரண்டு சோதனையும் ஏமாற்றும், ஆய்வகம்தான் வழி. ரசத்துக்கு வாங்கும் ஈயச்சொம்புக்கும் இதே எச்சரிக்கை. ரசம் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றினால் அது உருகி ஒழுகும் என்பது எல்லாருக்கும் தெரியும், காரீயம் கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

களியல்_கிழங்கு

எல்லாரும் அரண்மனையிலேயே நிக்கிறீங்க. பழைய சமூகங்களில் நஞ்சைப் பற்றி அதிகம் தெரிஞ்சது அரசனோட வைத்தியனுக்கு இல்லை, கசப்புக் கிழங்கைச் சோறாக்கின பொம்பளைகளுக்கு. அமேசான் காட்டில் கசப்பு மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கு) துருவி, பின்னின நீளப் பையில் போட்டு இழுத்துப் பிழிஞ்சு, சாற்றைத் தனியா வெகுநேரம் காய்ச்சி அதையும் உணவாக்கினாங்க. எல் சால்வடாரில் ஜோயா தே செரேன் என்ற ஊர் கி.பி. 600 வாக்கில் எரிமலைச் சாம்பலில் புதைஞ்சது. அங்க மரச்சீனித் தோட்டமே பாத்தி கட்டினபடி கிடைச்சிருக்கு.

அந்தக் கிழங்கு நம்ம திருவிதாங்கூரில் பஞ்ச காலச் சோறா பரவினது விசாகம் திருநாள் ஆட்சியில் (1880-85). கிழங்கு வந்துது, அந்தப் பக்குவம் முழுசா வரல்ல. அதனால விளக்கமா எழுதுறேன்.

நஞ்சு தயாரா இருக்கிறது இல்லை. கிழங்குக்குள்ள லினமாரின்னு ஒரு பொருள் ஒரு பக்கம், அதை உடைக்கிற நொதி இன்னொரு பக்கம். கிழங்கு நசுங்கினா ரெண்டும் சேர்ந்து சயனைடு வாயு உண்டாகும். இது 26 பாகையிலேயே ஆவியாகிற பொருள். அப்போ நாம செய்ய வேண்டியது நஞ்சை முழுசா வெளிய வர வச்சு, பறக்க விடுறது.

தோலும் உள்தோலும் சீவி எறியணும், அங்கதான் அதிகம். சின்னத் துண்டா வெட்டணும். பச்சைத் தண்ணியில் ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டணும். பிறகு புதுப் பச்சைத் தண்ணியில் போட்டு மெல்லச் சூடாக்கணும். கொதிக்கிற தண்ணியில் நேரா போட்டா என்ன ஆகும்? 80 பாகைக்கு மேல நொதி செத்துப் போகும், உடையாத லினமாரின் கிழங்குக்குள்ளயே நிக்கும். மூடி போடவே கூடாது. வெந்ததும் தண்ணியை வடிச்சு எறியணும், குழம்புக்கு எடுக்கக் கூடாது. கசந்தா எவ்வளவு வேக வச்சாலும் விட்டுடணும். மரச்சீனி மாவுக்கு உலக அளவுகோல் கிலோவுக்கு 10 மில்லிகிராம் சயனைடு.

வயநாடு, கூடலூர்ப் பக்கம் ஈந்தங்காய் மாவு தின்பாங்க. நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூன்னு விக்கிறாங்களே, அந்த மரம்தான். கொட்டையைச் சீவி உணக்கி, நாள்கணக்கா தண்ணி மாத்தி மாத்தி ஊற வச்சுத்தான் இடிப்பாங்க. வெறும் வெயில் போதாது, அதில் இருக்கிற சைக்காசின்ங்கிற நஞ்சு தண்ணியில்தான் கரையும். 1770-இல் ஆஸ்திரேலியாவில் குக்கின் மாலுமிகள் அதே குடும்பத்துக் காயைத் தின்னு வாந்தியும் பேதியுமா கிடந்தாங்க, பன்றிக்குப் போட்டுப் பன்றி செத்தது. அங்கத்த ஆதிக்குடிகள் அதையே ஊற வச்சு நல்லாத் தின்னுக்கிட்டு இருந்தாங்க.

சுவடி_வாசகன்

மருந்துக்காக நாபி வேரின் நஞ்சைக் குறைக்கும் நாபிச் சுத்தியும் இதே கணக்குத்தானே? கோமூத்திரத்தில் மூன்று நாள் ஊறல், பிறகு பாலில் வேகவைத்தல்?

உலைக்களம்

ஆமாம். நாபியின் நஞ்சான அக்கோனிட்டின் நீரும் சூடும் பட்டு உடைந்து பல மடங்கு நஞ்சு குறைந்த பொருளாகிறது. ஆனால் எவ்வளவு உடைந்தது, எவ்வளவு மிச்சம் என்பதை நிறமோ ருசியோ காட்டாது. வேருக்கு வேர் நஞ்சின் அளவும் மாறும். வீட்டில் யாரும் தொடக் கூடாத வேலை. அளந்து பார்க்கும் ஆய்வகமுள்ள மருந்துச் சாலையில் மட்டும் நடக்க வேண்டியது.

வேலந்தாவளம்_கதிர்

வெள்ளிக் கரண்டி? சீனத்தில் வெள்ளி ஊசி கறுத்தால் நஞ்சு என்பார்கள். நம் நூலில் "உலோகம் மங்கும்" என்பதும் அதேதானா?

உலைக்களம்

வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். பழைய பாஷாணத்தில் கந்தகம் ஒட்டியிருந்ததால் கறுத்தது. சுத்தமான வெள்ளைப் பாஷாணம் வெள்ளியை ஒன்றும் செய்யாது, அவித்த முட்டை கறுக்க வைக்கும். பாஷாணத்தைத் திட்டவட்டமாகக் காட்டும் முறை 1836-இல் மார்ஷ் சோதனை வந்த பிறகுதான்.

புதுநகரம்_செல்வி

களியல் அண்ணா, ஒரு சந்தேகம். நீங்கள் எறியச் சொன்ன தோலை எங்கள் பக்கம் ஆட்டுக்குப் போடுகிறார்கள்.

களியல்_கிழங்கு

பச்சைத் தோலும் பச்சை இலையும் போடவே கூடாது, அக்கா. ஆடும் மாடும் மென்னாலே நொதியும் லினமாரினும் சேர்ந்துடும். சீவின தோலைப் பரப்பி, மொறுமொறுன்னு ஒடியிற வரை வெயிலில் உணக்கினா அபாயம் நல்லாக் குறையும். குவிச்சு வச்சா உள்ள இருக்கிறது ஈரமாவே நிக்கும், அதை நம்பக் கூடாது. உணங்கினதையும் மத்தத் தீவனத்தோட கலந்து கொஞ்சமாத்தான் போடணும், பட்டினி கிடந்த ஆட்டுக்கு முதல் தீனியா வேண்டாம். தின்னு கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கித் தள்ளாடினா, ஈறு பளிச்சுனு சிவந்திருந்தா, கைவைத்தியம் பார்த்து நிக்கக் கூடாது. கால்நடை டாக்டரைக் கூப்பிடும்போதே "மரச்சீனித் தோல் தின்னது"ன்னு முதல்ல சொல்லுங்க. சோடியம் நைட்ரைட்டும் தயோசல்பேட்டும் ஊசியா போடணும், அதை எடுத்துக்கிட்டு வந்தாத்தான் பலன்.